எதிர்வீட்டில் அழுத பிள்ளை

மைனாவதியின் பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதன் அழுகை வந்துவிட்டது. வந்ததும் வீடு மாறிப் போய், எதிர்வீட்டுப் பாவாயியிடம் உட்கார்ந்துகொண்டது.

திருச்செங்கோட்டுக்கு வெளியே, லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையின் முதுகை ஒட்டி, நடுவில் ஒரு முற்றமும் முற்றத்தில் ஒரு குழாயும் வைத்து, இந்தப் பக்கம் ஒரு வரிசையும் அந்தப் பக்கம் ஒரு வரிசையுமாக ஓட்டு வீடுகள் நிற்கிற அந்த வளவில், இதை அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. தப்பு என்றுதான் சொன்னார்கள். தப்பு மைனாவதியுடையது. கடையில் வாயைத் திறந்து அவள் சொன்ன ஒரு பதிலால் வந்தது.

பிறக்காத பிள்ளைக்கென்று சாமான் வாங்கக்கூடாது என்பது அந்த வளவில் எல்லாருக்கும் தெரியும். வாங்கியே தீரவேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். காசு கொடுக்கும்போது கடைக்காரர் காதில் விழுகிற மாதிரி, இது எங்களுக்கில்லைங்க, இன்னார் வீட்டுக்குங்க என்று சொல்லிவிட வேண்டும். அந்த இன்னார் வீடு இல்லாத வீடாக இருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடு என்பார்கள், கிணற்றுக்குள் இருக்கிற வீடு என்று குறும்பாகச் சொல்வாரும் உண்டு. கெட்ட கண்ணும் கெட்ட காற்றும் அந்த வீட்டைத் தேடிக்கொண்டு போய், கதவும் காணாமல் கூரையும் காணாமல் அலைந்து அலுத்து எங்கேயாவது மரத்தில் தொங்கிக்கொள்ளும். பிள்ளை சுகமாக வந்து சேரும்.

மைனாவதி இதில் பாதியைத்தான் கேட்டிருந்தாள். வேறொருவர் வீட்டுப் பேரைச் சொல்லவேண்டும் என்ற பாதி. அந்த வீடு இல்லாத வீடாக இருக்கவேண்டும் என்ற மிச்சப் பாதியை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. மேட்டூர்ப் பக்கத்துப் பெண் அவள். லோகுவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பிறந்த வீட்டில் அவளோடு பேச்சில்லை. லோகு போர் போடும் வண்டியில் வேலைக்குப் போய், வடக்கே எங்கேயோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தான். அவளோ அஞ்சாவதுக்கு மேல் படிக்காதவள், வாய் திறந்து ஒன்று கேட்பதற்கே கூசுகிறவள். பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று பார்ப்பாள். எழுந்தால் அவர்கள் பின்னால் இறங்குவாள், எழாவிட்டால் அடுத்த நிறுத்தம் வரை போய் வெயிலில் நடந்து வருவாள்.

"மைனா, புள்ளைக்குப் பால் குடுக்கறதுக்கு என்னென்ன வேணுமோ இப்பவே வாங்கி வெச்சுக்க. கடைசி நேரத்துல ஆருமில்லாம அலையாத," என்று லோகு போனில் சொன்னான். பின்னாலிருந்து போர் வண்டி இரைந்தது.

"என்னென்ன வேணும் மாமா?"

"எனக்கென்ன தெரியும்? கடையில கேளு."

கடையில் கேட்பதா? ஒரு வாரம் யோசித்துவிட்டு, ஒரு மத்தியானம், முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த குழந்தைச் சாமான் கடைக்குப் போனாள். அங்கே அவள் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடைப் பெண் வயிற்றைப் பார்த்தவுடனேயே ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் பரப்ப ஆரம்பித்துவிட்டாள். கையால் அமுக்குகிற பம்ப், கரண்டில் ஓடுகிற பம்ப், காம்புமேல் வைக்கிற ரப்பர்த் தொப்பி, பால் கசிந்தால் உறிஞ்சிக்கொள்ள ஆப்பம் மாதிரி வட்ட வட்டத் துணி, ரெண்டு பக்கமும் ஜிப் வைத்த நைட்டி, முன்பக்கம் கொக்கி வைத்த உள்ளாடை, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற வளைந்த தலையணை, பால் புகட்டுகிற பாலாடை, பாட்டில், அந்த பாட்டிலை அவிக்க ஒரு பாத்திரம். இத்தனையும் இன்னும் ஊறாத பாலுக்கு, இன்னும் பார்க்காத வாய்க்கு.

"பம்ப்பு எதுங்க்கா எடுக்கட்டும்?"

"அது எதுக்குங்க?"

"பால் நெறைய இருந்தா எடுக்கறதுக்குங்க்கா."

"கம்மியா இருந்தாங்க?"

"கம்மியா இருந்தாலும் இத வெச்சு எடுத்தா ஊறுமுங்க்கா."

நிறைய இருந்தாலும் இதுதான், குறைவாக இருந்தாலும் இதுதான் என்றால், தனக்கு எவ்வளவு இருக்கும் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று மைனாவதிக்குப் புரியவில்லை. தலையணையைத் தொட்டுப் பார்த்தாள், ரப்பர்த் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள், அதற்குள் விரலை விட்டுவிட்டு வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று உச்சுக் கொட்டினார்கள். கடைப் பெண் சத்தமாகக் கேட்டாள்.

"ஆருக்குங்க்கா? உங்களுக்குத்தானுங்களே?"

வரிசை முழுக்க அவள் வயிற்றைப் பார்த்தது. மைனாவதிக்குக் காது சுட்டது. கேட்டிருந்த பாதி ஞாபகம் வந்தது, கூடவே தினமும் வாசலைத் திறந்தால் தெரிகிற முகமும் வந்தது.

"எனக்கில்லைங்க. எதிர்வீட்டுப் பாவாயக்காவுக்குங்க."

"அப்ப உள்ளாடைக்கு அவங்க அளவு சொல்லுங்க்கா."

பாவாயியின் அகன்ற தோளையும் பாரத்தையும் நினைத்து, கையை விரித்துக் காட்டினாள். கடைப் பெண் இருப்பதிலேயே பெரியதாக ஒன்றை எடுத்து, கைப் பம்பையும் பாலாடையையும் பாட்டிலையும் சேர்த்துப் பையில் போட்டு, "பாவாயக்காவுக்கு நல்லபடியாப் பொறக்கட்டுமுங்க" என்று வாய் நிறையச் சொல்லிக் கொடுத்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு மைனாவதி வளவுக்குள் நுழைந்தபோது, பாவாயியின் வீட்டிலிருந்து பச்சைப் பிள்ளையின் அழுகை வந்துகொண்டிருந்தது.

பாவாயி லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவள். கைநீள ஊசியும் மெழுகு தேய்த்த நூலுமாக, வீட்டுக்குள் பாதி வாசலில் பாதி என்று தார்ப்பாயை விரித்துப்போட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருப்பாள். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு காரணம் சொல்லி அனுப்புவாள். அன்றைக்கு அவள் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்திவிட்டு, சுருட்டி வைத்த தார்ப்பாய்க் கட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், மாடத்தில் பார்த்தாள், அரிசிக் குண்டாவைத் திறந்து பார்த்தாள். பிள்ளை இல்லை. அழுகை மட்டும் இருந்தது. அது அவள் போகிற பக்கமெல்லாம் முழங்கால் உயரத்தில் கூடவே வந்தது.

"என்னத்துக்கு இப்பிடிக் கத்தற? பசிக்குதா?" என்று பாவாயி அதைக் கேட்டாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை அவளுக்கு.

சற்று நேரத்தில் வளவே வாசலில் கூடிவிட்டது. வளவுக்குச் சொந்தக்காரியான தெய்வானையம்மா, மைனாவதியின் கையிலிருந்த பையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், பாவாயியின் வீட்டைப் பார்த்தாள்.

"அம்மிணி, கடையில ஆரு பேரச் சொன்ன?"

மைனாவதி தலை குனிந்து சொன்னாள்.

"அட கிறுக்குப் புள்ள! இல்லாத வீட்டச் சொல்லோணும். இருக்கற வீட்டப் போய் ஆராச்சும் சொல்லுவாங்களா? வெலாசம் குடுத்தாப்பல ஆச்சே. உன்ற புள்ளையோட அழுகை சரியா வந்து எறங்கியிருக்குது பாரு!"

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யோசித்தார்கள். பிள்ளை பிறக்கும்போது அழுகையும் தானாக எழுந்து அதனிடம் போய்விடும், அதுவரைக்கும் எங்கே இருந்தால் என்ன என்று முடிவு செய்துகொண்டு அவரவர் அடுப்பைப் பார்க்கப் போனார்கள். பாவாயி மட்டும் வாசலைத் தாண்டி மைனாவதியிடம் வந்து, கையை நீட்டினாள்.

"சாமானக் குடு."

"அக்கா?"

"என்ற பேருக்குத்தானே வாங்குன? குடு. அங்க அது பசியில கத்துது."

மைனாவதி பையைக் கொடுத்துவிட்டாள். கொடுத்தது சரியா தவறா என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

பாவாயி ஆட்டுப்பாலைக் காய்ச்சி ஆறவைத்து பாட்டிலில் ஊற்றிக் காற்றில் நீட்டினாள். சப்புகிற சத்தம் கேட்டது, அழுகை அடங்கியது, பால் மட்டும் ஊற்றிய அளவிலேயே நின்றது. அந்தப் பாலை அப்படியே தன் காப்பியில் ஊற்றிக்கொண்டாள். பால் குறையாமல் பிள்ளை வளர்க்கிறவள் என்று வளவில் அவளுக்குப் பேர் வந்தது. தார்ப்பாய்க் கயிற்றில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டாள். தொட்டில் காலியாக ஆடியது, அது ஆடுகிறவரை உள்ளே நிம்மதியாக ஒரு மூச்சு கேட்டது. பாவாயி தண்ணீர் பிடிக்கப் போனால் யாராவது ஒருவர் போய்த் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எப்போதும் வாய் ஓயாத பாவாயி பேச்சைக் குறைத்துக்கொண்டாள், நூலைப் பல்லால் கடித்து அறுப்பதைக்கூட மெதுவாகச் செய்தாள்.

"பாவாயி, உன்ற ஊட்டுல ஆள் கூடியிருக்குது. தண்ணிக் காசு கூடச் சேத்திக் குடுக்கோணுமில்ல?" என்று தெய்வானையம்மா சீண்டிப் பார்த்தாள்.

"அது குடிக்கற தண்ணிய நீங்களே மொண்டு காட்டுங்க, குடுத்தர்றேன்."

முதலில் சங்கடப்பட்டது பட்டறைக்காரர்கள்தான். தகரத்தை அடிக்காமல் லாரிக்குக் கூண்டு கட்ட முடியாது, அடித்தால் பிள்ளை எழுந்துவிடும். பட்டறை முதலாளி சென்னியப்பன் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பாவாயக்கா, பாப்பா தூங்குதா, முழிச்சிருக்குதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அப்புறம்தான் தெரிந்தது, அந்த அழுகைக்குத் தகரச் சத்தம்தான் தாலாட்டு என்று. எத்தனை ஆட்டியும் அடங்காத சமயங்களில் பாவாயி மதில் பக்கம் பார்த்து, "அண்ணா, ரெண்டு தட்டுங்க" என்பாள். உடனே ஆட்கள் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, பூவைத் தட்டுகிற மாதிரித் தகரத்தைத் தட்டுவார்கள். அந்தச் சமயத்தில் அங்கிருந்து கிளம்பிப்போன லாரிகளின் பக்கத் தகடுகளில், எதற்கென்று தெரியாத சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. வாங்கினவர்கள் அதை ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்துக்கொண்டு ஓட்டிப் போனார்கள்.

மைனாவதி இதையெல்லாம் தன் வாசலிலிருந்து பார்த்தாள். அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. அங்கே அழுவது தன் பிள்ளை என்றால், இங்கே வயிற்றில் உதைப்பது யார்? உதைப்பது தன் பிள்ளை என்றால், அங்கே அழும்போது தன் நெஞ்சு ஏன் கட்டிக்கொண்டு வலிக்கிறது? போய்க் கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டலாமா என்று நினைப்பாள். தன் பிள்ளையை ஆட்டத் தானே அனுமதி கேட்க வேண்டுமா என்று நினைப்பாள். அப்புறம், கேட்காமல் ஒருத்தி வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கேட்காமல் ஆட்டவும் போவதா என்றும் நினைப்பாள். நினைத்து நினைத்து, நிலைப்படியிலேயே நின்றுவிடுவாள்.

இதற்கிடையில் சாமான்கள் தாமாகவே அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. லோகு வடக்கேயிருந்தே போனில் அழுத்தி, கரண்டில் ஓடும் பம்ப் ஒன்றைக் கூரியரில் வரவைத்தான். பட்டறைக்காரர்கள் லாரி சீட்டுக்குள் வைக்கிற பஞ்சை வளைத்து வெட்டி, டிரைவர் சீட்டுக்குப் போடும் சிவப்பு ரெக்ஸினில் உறை தைத்து, பால் கொடுக்கும்போது மடியில் வைத்துக்கொள்ளத் தலையணை செய்து கொடுத்தார்கள். தெய்வானையம்மா தன் மகன் குடித்த பாலாடையைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தாள். யாரோ ரப்பர்த் தொப்பி கொடுத்தார்கள், யாரோ வெந்தயம் கொடுத்தார்கள், யாரோ பூண்டு. எதை எப்போது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். பம்பை முதல் நாளே வைக்க வேண்டும் என்றாள் ஒருத்தி, வைத்தால் பால் கோபித்துக்கொள்ளும் என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றுக்கும் மைனாவதி தலையாட்டினாள். அலமாரி நிறைந்தது, அவள் மண்டையும் நிறைந்தது.

ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கடைசியாளாக உட்கார்ந்திருந்து, எல்லாரும் போனபிறகு நர்சம்மாவிடம் கேட்டாள்.

"எதுங்க வாங்கோணும்?"

"எதுவும் வேண்டாம். பாட்டில் மட்டும் வாங்கிராத. புள்ள அழுவும், நீ எடுத்து நெஞ்சுல போடு, அது குடிக்கும். அவ்வளவுதான்."

"அழுகை வெளிய வந்துருச்சுங்களே."

நர்சம்மா ஊசிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அந்தச் சேதி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். "அதான் பொறக்கறப்பத் திரும்பி வந்துரும்ங்கறாங்களே," என்றாள். பிறகு, "வந்துரோணும்," என்றாள். அந்த ரெண்டாவது வார்த்தையை மைனாவதி வீடு வரைக்கும் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

வலி கண்டது ஒரு காலை நேரம். சென்னியப்பன் வேறு வண்டிக்குக் காத்திருக்காமல், இன்னும் கூண்டு ஏறாத லாரி ஒன்றை, முன்னால் தலையும் பின்னால் வெறும் எலும்புமாக நின்றதை, பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மைனாவதியை ஏற்றி, அவள் பக்கத்தில் தெய்வானையம்மாவையும் ஏற்றி, அலமாரியில் இருந்த சாமான் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி ஏற்றினார்கள். வளவே வாசலில் நின்றது. பாவாயி மட்டும் தன் வீட்டுக் கதவை ஒருச்சாய்த்து வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள்.

"வாங்க்கா," என்றாள் மைனாவதி, லாரியின் மேலிருந்து.

"நான் வல்ல. தார்ப்பாய் நாளைக்குக் குடுக்கோணும்," என்றாள் பாவாயி. அவளுக்குப் பின்னால் அது அழுதுகொண்டிருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வரும் முன்பே ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. சிவந்த உடம்பு, கறுத்த முடி, கைவிரல் ஒவ்வொன்றும் சரியாக. மூச்சு ஏறி இறங்கியது, நெஞ்சு துடித்தது. அழுகை மட்டும் இல்லை. உள்ளங்காலைச் சுண்டினார்கள், முதுகைத் தேய்த்தார்கள். கண்ணை விழித்து, கூப்பிட்ட ஆளைத் தெரியாதவர்கள் பார்ப்பது போலப் பார்த்தது. திரும்ப மூடிக்கொண்டது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அழலைன்னா பசிக்கலைன்னு அர்த்தம். பால் குடிக்காம இருந்தா உடம்புல சர்க்கரை இறங்கிரும். சாயங்காலத்துக்குள்ள குடிச்சிரணும். இல்லைன்னா சேலத்துக்கு அனுப்பிருவேன்."

பால் வந்திருந்தது. எத்தனை பேர் எத்தனை விதமாகப் பயம் காட்டியிருந்தும், மஞ்சளாக, கெட்டியாக, கேட்காமலே வந்து நின்றது. மைனாவதி பிள்ளையை நெஞ்சில் போட்டாள். வாய் திறக்கவில்லை. சிவப்பு ரெக்ஸின் தலையணையை மடியில் வைத்துப் போட்டாள், ரப்பர்த் தொப்பியை வைத்துப் போட்டாள், கைக்குக் கை மாற்றிப் போட்டாள், கரண்டு பம்பை ஓடவிட்டு எடுத்ததைத் தெய்வானையம்மா பாலாடையில் ஊற்றி உதட்டோரம் சாய்த்தாள், அது கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போயிற்று. மூட்டையில் இருந்ததெல்லாம் கட்டிலில் பரவிக் கிடந்தது. அத்தனைக்கும் நடுவில் பிள்ளை, விருந்து வீட்டில் வயிறு நிறைந்து படுத்திருக்கிற ஆள் மாதிரி, அமைதியாகப் படுத்திருந்தது.

"பசி இருந்தாத்தானே வாய் தொறக்கும்?" என்று தெய்வானையம்மா கன்னத்தைத் துடைத்துவிட்டாள். "பசி அங்கயில்ல உக்காந்திருக்குது. பொறந்தா வந்துரும்னு சொன்னமே, வல்லீயே. போன் போட்டுக் குடுக்கறேன். நீதான் பேசோணும் அம்மிணி. நீ சொன்ன பேரு, நீதான் கேக்கோணும்."

மைனாவதி போனைக் காதில் வைத்தாள். தான் பெற்றது ஒன்று, பாவாயி வளர்த்தது ஒன்று, ரெண்டும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளை. இதில் யார் யாரிடம் கேட்பது?

"அக்கா, நான் மைனாங்க."

"ம்."

"பொறந்திருச்சுங்க. பொம்பளப் புள்ளைங்க."

பாவாயியின் குரலுக்குப் பின்னால் அது அழுதுகொண்டிருந்தது. போனில் அதைக் கேட்டதும் மைனாவதியின் ரவிக்கை நனைந்தது. மடியில் இருந்த பிள்ளை இமைகூட அசைக்கவில்லை.

"இங்க அழுவலைங்க்கா."

அந்தப் பக்கம் தொட்டில் கயிறு கிறீச்சிட்டது. பிறகு பாவாயி பேசினாள்.

"பொறந்தாத் தன்னால போயிரும்னாங்க. போகலீல்ல? நானென்ன கட்டியா போட்டு வெச்சிருக்கறேன்? அதுக்கு இஷ்டம், இருக்குது."

"தெரியுமுங்க்கா."

"என்ன தெரியும் உனக்கு? ஒரு வார்த்தை கேக்காமக் கொண்டாந்து எறக்கிப் போட்டுப் போயிட்ட. இப்ப ஒரு வார்த்தையில திருப்பித் தான்னா, நானென்ன சாமான் கடையா வெச்சிருக்கறேன்?"

மைனாவதி வழக்கம்போல் தலையாட்டினாள். போனில் தலையாட்டினால் தெரியாது என்பதும், வெயில் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதும் ஒரே சமயத்தில் அவளுக்கு உறைத்தது. அடுத்த கணம் அவளுக்கே தெரியாத ஒரு குரல் அவள் வாயிலிருந்து வந்தது. வார்டில் படுத்திருந்த பெண்களெல்லாம் தலையைத் திருப்பினார்கள்.

"தப்பு என்னுதுங்க்கா! வெக்கப்பட்டுட்டு உங்க பேரச் சொல்லிப்போட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனா இது என்ற புள்ளைங்க்கா. என்ற புள்ள! இதுக்குப் பசியே தெரியல. பால் வந்து நிக்குது, வாயத் தொறக்க மாட்டீங்குது, பொழுதோட சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. நீங்க அதை எத்தன நல்லா வெச்சிருக்கறீங்கன்னு பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். எனக்கு அது வேணுமுங்க்கா. கொண்டாந்து குடுங்க்கா!"

போன் அறுந்துவிட்டது. பாவாயி வைத்தாளா, சிக்னல் போயிற்றா, தெரியவில்லை. திரும்பப் போட்டதற்கு எடுக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். கை ரெண்டையும் வளைத்து வெறும் காற்றை ஏந்திக்கொண்டு ஒரு பொம்பளை பஸ்ஸில் ஏறினாளாம், அவள் நெஞ்சருகே ஒரு அழுகை வீறிட்டதாம். கண்டக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏனுங்க, கைப்புள்ளைக்காரி நிக்கறாங்க, எந்திரிச்சு எடம் உடுங்க" என்று சத்தம் போட, முன்சீட்டில் இருந்தவர் எழுந்து இடம் கொடுத்தாராம். பக்கத்துச் சீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தி, "காத்து அடிக்குது, முந்தானையப் போத்தி உடுங்க" என்றாளாம். பாவாயி இல்லாத பிள்ளைக்கு முந்தானையைப் போர்த்திவிட்டு, இறங்கும் வரைக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் அழுகை ஏறி வருவது வார்டு வரைக்கும் கேட்டது. வாட்ச்மேன் தடுக்கவில்லை. பால் கொடுக்கிற நேரத்தில் அழுகிற பிள்ளையை யாராவது தடுப்பார்களா? பாவாயி நேராக வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மைனாவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். கட்டில்மேல் பரவிக் கிடந்த சாமான்களைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு கையால் ஓரமாகத் தள்ளினாள். ஒரு கைதான் ஒழிவாக இருந்தது அவளுக்கு.

"அப்பிடி இல்ல. எடது பக்கம் வாங்கு. இதுக்கு எடது பக்கந்தான் புடிக்கும்."

மைனாவதி மாற்றி வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல ரெண்டு வாட்டி வீம்பு பண்ணும், உட்டுப்போடாத. அழுது முடிச்சொடனே விக்கும். முதுகுல தட்டக்கூடாது, நெஞ்சுல தேச்சுக் குடுக்கோணும். மத்தியானத்துல காரணமில்லாம அழுவும், அதுக்கு ஒண்ணும் செய்யாத, சும்மா பேசிட்டிரு. பேசறவ இல்லைதான் நீ. ஆனாப் பேசோணும்."

"பேசறனுங்க்கா."

"என்ன பேசுவ?"

கேட்டுவிட்டுப் பாவாயி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, வளைத்திருந்த கையைப் பிள்ளையின் முகத்தருகே கொண்டுபோய், மெதுவாகப் பிரித்தாள்.

"போ சாமி," என்றாள். "எடம் இதுதான்."

அழுகை சட்டென்று நின்றது. எங்கேயும் இல்லை. வார்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. பாவாயியின் முந்தானைக்குள் ஒரு விசும்பல் கேட்டது, திரும்பிப் போய்விட்டதோ என்று தெய்வானையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிள்ளையின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. தாடை நடுங்கியது. வாய் திறந்தது, திறந்துகொண்டே போயிற்று. அதிலிருந்து வந்த அழுகையில் அன்றைக்குப் பிறந்த பிள்ளையின் கீச்சுக் குரல் இல்லை. பழகின, தொண்டை கட்டின, எதிர்வீட்டில் இத்தனை காலம் அழுது தேர்ந்த அழுகை. அதைக் கேட்டு வார்டில் இருந்த மற்றப் பிள்ளைகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அழுதன.

மைனாவதி நெஞ்சில் போட்டாள். வீம்பு பண்ணியது. விடவில்லை. திரும்பவும் பண்ணியது. விடவில்லை. மூன்றாவதாக வாய் வந்து கவ்வியபோது, உச்சந்தலை வரை ஒரு வலி ஏறி, அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் சேர்த்துவைத்த பசி, அத்தனையும் ஒரே இழுப்பில். டாக்டரம்மா கதவருகில் வந்து பார்த்துவிட்டு, கையில் எழுதிக் கொண்டுவந்திருந்த சேலத்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சத்தமில்லாமல் போயிற்று. பாவாயி அந்தச் சத்தமின்மையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் இன்னும் பாதி வளைந்தபடியே இருந்தன, அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தார்ப்பாய் நாளைக்குக் கொடுக்கவேண்டும் என்று ஒரு தரம் சொன்னாள். எழுந்திருக்கவில்லை. மைனாவதிக்கு நன்றி என்பது கடையில் மீதி கொடுக்கும்போது சொல்கிற மாதிரி இருந்தது, தப்பு தன்னுடையது என்பதை போனிலேயே சொல்லியாயிற்று. பிள்ளையைத் தாங்கியிருந்த அவள் முழங்கை வலிக்க ஆரம்பித்தது.

"அக்கா, ஒரு கை குடுங்க. தல கனக்குதுங்க."

பாவாயி தயங்கினாள். பிறகு, மெழுகு நூல் இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய அந்த உள்ளங்கையை நீட்டி, பிள்ளையின் தலைக்கு அடியில் கொடுத்தாள். இத்தனை காலம் அவள் தூக்கி, ஆட்டி, தோளில் போட்டு நடந்ததில், கனம் என்று ஒன்று இருந்ததேயில்லை. தலை கையில் இறங்கியதும் கை தாழ்ந்தது. அவள் திடுக்கிட்டு இன்னொரு கையையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டாள்.

"ஏபுள்ள," என்றாள், முதன்முறையாக மைனாவதியின் முகத்தைப் பார்த்து. "இது இத்தன கனமா இருக்குமா?"